சைக்கிள்காரருக்குச் சட்டம் துணை வந்த வரலாறு



‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஊர்ச் சபையிலே பணக்காரன் பேச்சு எடுபடும், ஏழையின் பேச்சு எடுபடாது என்பது அதன் பொருள். சாலையையும் ஓர் அம்பலமாக நினைத்துப் பாருங்கள். அங்கே லோரி வருகிறது, பஸ் வருகிறது, கார் வருகிறது. இவற்றுக்கு நடுவே, சாலையின் ஓரமாக ஒரு சைக்கிள்காரரும் வருகிறார். மோதிவிட்டால் காருக்குக் கீறல் விழும். சைக்கிள்காரருக்கோ கை கால் போகும், சில வேளை உயிரே போகும். அப்படி அடிபட்டவருடைய சொல் அம்பலம் ஏறுமா? அதற்குச் சட்டம் என்ன வழி செய்திருக்கிறது? அந்த வழி எப்படி உண்டாயிற்று? இவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தோட்டப்புறத்தில் சைக்கிள் எவ்வளவு வேண்டிய பொருள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பால் மரத்திற்குப் போக, பட்டணத்தில் சாமான் வாங்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக என்று பல குடும்பங்களுக்குப் பல ஆண்டுக் காலம் அதுவே வாகனமாக இருந்தது. இன்று மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டாலும், வயதானவர்களும் பிள்ளைகளும் சைக்கிளில் போவதை இன்னும் பார்க்கிறோம். இவர்களுக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. நான்கு தடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டித்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. நம் நாட்டுக் கதையை அங்கே தொடங்குவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மலாயாவை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுடைய சட்ட முறையும் கூடவே வந்தது. நம்முடைய 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதியன்று இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்பத்தில் ஏற்றுக்கொண்டது. இங்கே தனிச் சட்டம் இல்லாத இடத்தில், இந்நாட்டு மக்களின் சூழ்நிலைக்குப் பொருந்தும் அளவில், அந்தச் சட்டம் செல்லுபடியாகும். ஆகவே அங்கே இருந்த தடைகள்தாம் இங்கேயும் தடைகளாக இருந்தன.

முதல் தடை மரணத்தைப் பற்றியது. 1808-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஒரு குதிரை வண்டி கவிழ்ந்தது. அதில் பயணம் செய்த கணவன் மனைவி இருவரும் காயமடைந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மனைவி இறந்துபோனாள். கணவன் வண்டிக்காரர்கள்மேல் வழக்குப் போட்டான். நீதிபதி எல்லன்பரோ பிரபு என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? கணவனுடைய காயத்திற்கும், மனைவி உயிரோடு இருந்த அந்தச் சில வாரங்களில் அவன் பட்ட துன்பத்திற்கும் மட்டுமே பணம் கிடைக்கும். அவள் இறந்தபின் உள்ள இழப்புக்கு ஒன்றும் கிடையாது என்றார். ஒரு மனிதனின் மரணம் சிவில் நீதிமன்றத்தில் கேட்கத்தக்க இழப்பே அல்ல என்பது அன்றைய சட்டம்! அதாவது, ஒருவனுடைய காலை ஒடித்தவன் பணம் கட்ட வேண்டும். அவனைக் கொன்றே விட்டால் அவன் பெண்டாட்டி பிள்ளைக்குக் கட்ட வேண்டியதில்லை.

அக்காலத்தில் விசித்திரமான வழக்கம் இன்னொன்றும் இருந்தது. மனித உயிரைப் போக்கிய பொருள், அது வண்டியானாலும் சரி, குதிரையானாலும் சரி, அரசனுக்குச் சேர வேண்டும் என்பார்கள். ஜூரிகள் அதற்கு ஒரு விலை போடுவார்கள். அந்தப் பணம் முறைப்படி அரசனைச் சேர்ந்ததே ஒழிய, செத்தவன் வீட்டாருக்கு உரியதாக இல்லை. இரயில் வந்த பிறகு விபத்துகள் பெருகின. 1846-ஆம் ஆண்டிலே கேம்பல் பிரபு என்பவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் நிலைமையை மாற்றியது. பிறருடைய கவனக்குறைவால் ஒருவர் இறந்தால், அவரை நம்பி வாழ்ந்த மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் இழப்பீடு கேட்கலாம் என்று அது சொன்னது. அதே ஆண்டில் அந்தப் பழைய வழக்கமும் ஒழிக்கப்பட்டது. நம் நாட்டுச் சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். அதில் பாட்டன் பாட்டியும் பேரன் பேத்தியும்கூட அடங்குவார்கள்.

இரண்டாவது தடை, ‘உன்மேலும் தப்பு இருக்கிறது’ என்பது. 1809-ஆம் ஆண்டில் ஒரு வழக்கு. டார்பி என்ற ஊரில் ஒருவன் தன் வீட்டைப் பழுதுபார்ப்பதற்காகத் தெருவின் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டுவைத்தான். மாலை மங்கிய நேரத்தில் ஒருவன் குதிரையை வேகமாக ஓட்டிவந்து அதில் மோதி விழுந்தான். கம்பத்தைப் போட்டவன்மேல் குற்றம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனாலும், நிதானமாக வந்திருந்தால் கம்பம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லி, விழுந்தவனுக்கு ஒரு காசுகூடக் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. பத்தில் ஒரு பங்கு தப்பு இருந்தாலும் முழு இழப்பீடும் போய்விடும் என்ற நிலை இப்படி உண்டாயிற்று.

இந்தக் கடுமையைத் தளர்த்தியது ஒரு கழுதை! ஆம் நேயர்களே, 1842-ஆம் ஆண்டில், முன்னங்கால் கட்டப்பட்ட ஒரு கழுதை சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று குதிரை பூட்டிய ஒரு வண்டி வேகமாக வந்து அதன்மேல் ஏறிவிட்டது. கழுதையைச் சாலையில் விட்டது உன் தப்பு என்றான் வண்டிக்காரன். நீதிமன்றமோ, கழுதை அங்கே நின்றது தப்பாகவே இருந்தாலும், வண்டிக்காரன் கவனமாக ஓட்டியிருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் அல்லவா என்று கேட்டு, கழுதைக்குச் சொந்தக்காரன் பக்கம் தீர்ப்பளித்தது. வழியிலே எது நின்றாலும் பார்த்து ஓட்டுவது ஓட்டுகிறவன் கடமை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

முழுத் தீர்வு வர மேலும் நூறாண்டு ஆயிற்று. இருவர் மேலும் தப்பு இருந்தால், அவரவர் தப்பின் அளவுக்கு இழப்பீட்டைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று 1945-ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சட்டம் மாறியது. நம் சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரு தொழிலாளி இருட்டிலே விளக்கில்லாமல் சைக்கிளில் போகிறார். பின்னால் வந்த லோரி அவரை இடித்துவிடுகிறது. அவருடைய இழப்பு 40,000 வெள்ளி என்றும், விளக்கில்லாமல் போனதால் கால் பங்கு தப்பு அவர்மேல் என்றும் நீதிபதி முடிவு செய்தால், அவருக்கு 30,000 வெள்ளி கிடைக்கும். ஆகவே, ‘விளக்கில்லை, கேட்க நமக்கு முகமில்லை’ என்று பேசாமல் இருந்துவிடுவது அறியாமை. விளக்கு வைத்துப் போவது உயிருக்கு நல்லது. அது வேறு செய்தி.

மூன்றாவது தடைதான் பெரிய தடை. வழக்கில் வென்றாலும் பணம் யார் கொடுப்பது? சைக்கிளும் சாலையில் செல்லும் ஒரு வண்டிதான் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1879-இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. 1888-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை உறுதிசெய்தது. சைக்கிள்காரருக்குச் சாலையில் இடம் கிடைத்து, சில ஆண்டுகளில் மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. 1896-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெண் மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தபோது நாடே வியப்போடு பேசியது. 1930-ஆம் ஆண்டிலோ பிரிட்டனில் ஒரே ஆண்டில் 7,000 பேருக்கு மேல் சாலையில் மாண்டார்கள். அடிபட்டவர்களில் பலர் வழக்கில் வென்றும் பயனில்லாமல் போயிற்று. ஏனென்றால் வண்டி ஓட்டியவனிடம் கொடுக்கப் பணம் இருக்காது. கையில் தீர்ப்பு இருக்கும். வீட்டில் அடுப்பு எரியாது.

இதற்கு 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வழி கண்டது. மோட்டார் வாகனத்தைச் சாலையில் ஓட்டுகிற ஒவ்வொருவரும், தம்மால் பிறருக்கு ஏற்படும் காயத்திற்கும் மரணத்திற்கும் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. இதைத்தான் மூன்றாம் நபர் காப்புறுதி என்கிறோம். வாகனக்காரர் முதல் நபர், காப்புறுதி நிறுவனம் இரண்டாம் நபர், சாலையில் அடிபடும் நீங்களும் நானும் மூன்றாம் நபர். 1934-இல் வந்த சட்டம், தீர்ப்பான பணத்தைக் காப்புறுதி நிறுவனமே கட்ட வேண்டும் என்று மேலும் இறுக்கியது. மலாயாவிலும் 1958-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இந்தக் கட்டாயக் காப்புறுதி இடம்பெற்றது. அதற்குப் பதிலாக வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. சைக்கிள்காரர் காப்புறுதிக்கு ஒரு காசும் கட்டுவதில்லை. ஆனாலும், மோதிய வாகனத்தின் காப்புறுதி அவருக்கும் பாதுகாப்பு.

காப்புறுதி எடுக்காமலே ஒருவன் வாகனம் ஓட்டி மோதிவிட்டால்? அதற்கும் ஒரு வழி உண்டாயிற்று. காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து, அப்படிப்பட்ட வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. இங்கிலாந்தில் 1946-இல் இது தொடங்கியது. நம் நாட்டில் மோட்டார் காப்புறுதியாளர் செயலகம் 1968-ஆம் ஆண்டில் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ‘இடித்தவனுக்கு இன்சூரன்ஸ் இல்லையாம்’ என்று கேள்விப்பட்டவுடன் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

நான்காவது தடை வக்கீல் கட்டணம். உரிமை ஏட்டிலே இருந்து என்ன பயன்? கோர்ட்டுக்குப் போக வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். இந்தத் தடையை நீக்கவே அரசாங்கச் சட்ட உதவி ஏற்பட்டது. சிங்கப்பூரில் சட்ட உதவிச் செயலகம் 1958-இல் திறக்கப்பட்டது. மலேசியாவில் 1970-ஆம் ஆண்டில் சட்ட உதவிச் செயலகம் தொடங்கப்பட்டு, அதற்கென 1971-ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. இன்று அது ஜாபாத்தான் பந்துவான் குவாமான் என்ற பெயரில் இயங்குகிறது. வருமானத்தைப் பார்த்து, தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ அது வழக்கை நடத்தித் தருகிறது. சாலை விபத்து இழப்பீட்டு வழக்கும் அதன் பணிகளில் ஒன்று.

தொழிலாளர்களுக்கு மட்டும் உரிய இன்னொரு பாதுகாப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அதுதான் சொக்சோ. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைத்தலத்திற்குப் போகும்போதும், அங்கிருந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். சைக்கிளில் போனாலும் இது பொருந்தும். இங்கே தப்பு யார் பக்கம் என்ற கேள்வியே எழுவதில்லை. சொக்சோவில் பதிந்த தொழிலாளி, அங்கே உதவி பெறுவதோடு, மோதிய வாகனக்காரர்மேல் வழக்கும் போடலாம். இது தெரியாமல் ஒன்றைப் பெற்றுக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

வரலாறு எப்போதும் முன்னோக்கியே நடக்கும் என்று எண்ண வேண்டாம். 1984-ஆம் ஆண்டில் நம் சிவில் சட்டம் திருத்தப்பட்டபோது சில உரிமைகள் சுருங்கின. விபத்து நடந்த நாளில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்தான் வருங்கால வருமான இழப்பைக் கேட்கலாம் என்றாயிற்று. பள்ளிக்குச் சைக்கிளில் போன பிள்ளை வாழ்நாள் முழுதும் வேலை செய்ய முடியாதபடி ஊனமானாலும், ‘இவன் அப்போது சம்பாதிக்கவில்லையே’ என்று சட்டம் சொன்னது. 55 வயதைத் தாண்டியவரும் வருமான இழப்பைக் கேட்க முடியாமல் போயிற்று. உயிரிழப்பின் துயரத்திற்கு 10,000 வெள்ளி என்றும் வரையறுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொகை மாறவே இல்லை. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் அதை 30,000 வெள்ளியாக்கி, வயது வரம்பையும் 60-ஆக உயர்த்தியது.

நேயர்களே, இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் கிடைத்த உரிமையை ஒரு நொடியில் இழக்கவும் முடியும். எப்படி? அடிபட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார். யாரோ ஒருவர் ஆரஞ்சுப் பழப்பையோடு வந்து, அன்பாகப் பேசி, சில நூறு வெள்ளியைக் கையில் வைத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். ‘இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அந்தத் தாளில் இருக்கும். வீட்டில் அரிசி இல்லாத நேரத்தில் அந்தப் பணம் பெரிதாகத் தெரியும். கால் எலும்பு சரியாகக் கூடாமல் பால் மரம் வெட்ட முடியாமற்போகும் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது அந்தத் தாள் எதிரே வந்து நிற்கும். ஆகையால் படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பிள்ளைகளின் வழக்கில் செய்யும் சமரசத்திற்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘கிடைப்பதில் இத்தனை பங்கு எனக்கு’ என்று பேரம் பேசிக்கொண்டு வரும் தரகர்களிடமும் எச்சரிக்கை தேவை. வழக்கு வென்றால்தான் கட்டணம் என்று பேசி வழக்கை எடுக்க வக்கீலுக்கே நம் நாட்டுச் சட்டத்தில் அனுமதி இல்லை. அப்படியிருக்க, தரகருக்கு ஏது உரிமை?

விபத்து நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியவை சில. வாகன எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதி வாங்குங்கள். போலீஸ் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். அடிபட்டவரால் போக முடியாவிட்டால் வீட்டார் போய் விசாரிக்கலாம். நொறுங்கிய சைக்கிளை உடனே பழுதுபார்க்கவோ பழைய இரும்புக்காரனிடம் போடவோ வேண்டாம்; அதுவும் சாட்சிதான். ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

வாகனமோட்டிக்குக் கோர்ட்டில் அபராதம் போட்டுவிட்டார்கள், அதோடு முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த அபராதம் அரசாங்கத்திற்குப் போகிறது. உங்கள் இழப்பீடு தனி வழக்கு. அவர் அந்தக் குற்றவழக்கில் விடுதலையானாலும்கூட, இழப்பீட்டு வழக்குப் போடத் தடையில்லை.

காலமும் முக்கியம். தீபகற்ப மலேசியாவில் காயத்திற்கான வழக்கை ஆறு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். உயிரிழப்பு என்றால், குடும்பத்தார் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மோதியது அரசாங்க வாகனமானால் காயத்திற்கும் மூன்றே ஆண்டுகள்தாம். சிங்கப்பூரில் காயத்திற்கும் மூன்று ஆண்டுகள்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1982-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலிருந்து நம் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், கணவர் சாலையில் இறந்த பிறகு, ‘இவர் சட்டப்படி மனைவிதானா?’ என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுகிறது. பதிவில்லாத காரணத்தால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும் உண்டு. பதிவுச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இழந்த காலைச் சட்டம் திருப்பித் தராது. போன உயிரையும் தராது. ஆனால் விபத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் கடனில் மூழ்காமல், பிள்ளைகள் படிப்பை விடாமல் வாழ அது வழி செய்கிறது. 1808-இல் மனைவியை இழந்த அந்தக் கணவனுக்கு இல்லாத வழி இன்று லயத்தில் வாழும் விதவைக்கு இருக்கிறது. ஏழையின் சொல் அம்பலம் ஏறப் படி கட்டப்பட்டுவிட்டது. அந்தப் படியில் ஏற வேண்டியவர்கள் நாம்.